62க்கும் 11க்கும் நடுவே ஒரு மகள்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தையும், மகளின் தாய்மாமா தயாரித்த அட்டவணையையும் படித்தேன். முதுகலைக் கணிதம் முடித்த பிள்ளை முனைவர் பட்டத்துக்கு எந்த நெறியாளரிடம் சேர்வது என்று வீடே கலங்கியிருப்பது புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி முடித்துக்கொள்ள மனமில்லை, ஏனெனில் அந்த அட்டவணையின் அடிப்படையே பிழை. ஆய்வாளரின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-குறியீடு உயிரணு உயிரியல் பேராசிரியருக்கு 62, எண் கோட்பாட்டுப் பேராசிரியருக்கு 11. ஆகவே முன்னவரின் ஆய்வகமே கௌரவம் என்று உறவினர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அந்த எண் சொல்வது மிகக் கொஞ்சம்: 11 என்றால், ஒவ்வொன்றும் பிற கட்டுரைகளில் குறைந்தது 11 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 11 இருக்கின்றன, அவ்வளவே. உயிரியலாளர்களுக்கு இந்த எண் இயல்பாகவே உயர்ந்து நிற்கும் என்பதை அவரே குறிப்பிட்டிருக்கிறார். அங்கே ஒரு கட்டுரைக்குப் பலர் ஆசிரியர்களாக இருப்பார்கள், மேற்கோள்களும் விரைந்து குவியும். கணிதத்திலோ ஒருவர் இருவர் எழுதி, பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டு, மேற்கோளுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். வரலாற்றாய்வாளரின் உழைப்பு பெரும்பாலும் நூலாக வருவதால் ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் சரியாகப் பதிவாவதே இல்லை. துகள் இயற்பியலில் 2015இல் 5,154 பேர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. 33 பக்கங்களில் 24 பக்கம் ஆசிரியர் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைத்தால் எடை எப்படிச் சரியாக வரும்?

ஆசிரியர் பணி, மென்பொருள், போட்டித் தேர்வு ஆகியவற்றை வீட்டிலேயே பலமுறை பேசியிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. மகள் இரண்டு நாளாக உயிரியல் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலையே தோண்டிக்கொண்டிருக்கிறாள் என்றும், 62இல் அதே முன்னெழுத்தும் பெயரும் கொண்ட ஒரு மண்ணியல் அறிஞரின் கட்டுரைகள் கலந்திருப்பதாகச் சொல்கிறாள் என்றும் அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா, அந்தத் தோண்டலுக்கு ஒரு துறையே இருக்கிறது: ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் அளந்து ஆராயும் அறிவியல் அளவையியல்.

பெயர்க் குழப்பத்தைப் பிரிப்பது அதன் முதல் வேலை. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகும் 16 இலக்க ஆர்கிட் எண் 2012இல் வந்த பின்னும் பழைய பதிவுகளைக் கையால்தான் சலிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது துறைவாரியாகச் சமன்செய்வது. ஒரு கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள். அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரி 3 என்று கொண்டால் அதன் மதிப்பு 2. உயிரியல் கட்டுரைக்கு 30 மேற்கோள், சராசரி 40 என்றால் 0.75 மட்டுமே. எந்தக் கட்டுரையை எந்தத் துறையில் அடக்குவது என்பதில்தான் நுட்பமும் சண்டையும் இருக்கின்றன. எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணை யோசனையை 1955இல் எழுதி 1964இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த யூஜின் கார்ஃபீல்டு, வேதியியலும் நூலகவியலும் படித்து, மொழியியலில் முனைவரானவர். கணித ஆசிரியராயிருந்து நூலகத்துக்கு வந்த நம் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்க வேண்டுமென்று 1948இலேயே முன்மொழிந்தார். இன்று பல்கலைக்கழக நூலகங்களுக்கும், ஆய்வு நிதி வழங்கும் அமைப்புகளுக்கும், ஆய்விதழ்ப் பதிப்பகங்களுக்கும் இப்பணி தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வேண்டிய முதலீடு புள்ளியியல், பைத்தான் நிரலாக்கம், வலையமைப்புக் கணிதம். பயிற்சிக்கு, ஆய்வுக் கட்டுரை விவரங்களைத் தொகுத்துவைக்கும் ஓபன்அலெக்ஸ் தரவுத்தளம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எண் கோட்பாட்டிலேயே அவள் மனம் நின்றால் அதுவும் நன்று, 11 தடையல்ல.

இரண்டு விஷயங்களில் நான் இறங்கிவர மாட்டேன். உதவித்தொகை உறுதியாகாத இடத்தில், ஆய்வகம் எவ்வளவு பெயர்பெற்றதாயினும், கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். பணம் கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தருவார்கள் என்று மாமா சொல்லும் ஏற்பாட்டுக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது. முறைகேடு தெரிந்து ஆய்விதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றால், அந்தக் குறிப்பு மாமாவின் பெயரில் அல்ல, மகளின் பெயரில்தான் தங்கும்.

இப்போதைக்கு அவளைத் தடுக்காதீர்கள். பட்டியலைச் சலித்து முடித்து, எதை ஏன் நீக்கினாள் என்று நான்கு பக்கத்தில் எழுதட்டும். நெறியாளர்களைச் சந்திக்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அதையும் கொண்டுபோகலாம். ஒரு படியை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்; மண்ணியல் அறிஞரைக் கழித்த பின் அந்த 62 எவ்வளவாகிறது என்று பார்க்க எனக்கும் ஆவலாயிருக்கிறது.