மஞ்சளாகப் பூத்தால் சரக்கொன்றையா?

"நான்கு வருடம் முன்பு சரக்கொன்றை என்று நர்சரியில் கொடுத்த கன்று மாடியைத் தாண்டிவிட்டது. இந்தச் செப்டம்பரில்தான் முதல் பூ. ஆனால் கொத்து தொங்காமல் நிமிர்ந்து நிற்கிறது. இது சரக்கொன்றைதானா?" என்று கேட்கிறார் கோவை வடவள்ளி வாசகர்.

இல்லை. பூவை விடுங்கள், இலையை எண்ணுங்கள். சரக்கொன்றையில் ஒரு ஈர்க்கில் நாலு முதல் எட்டு ஜோடி சிற்றிலைகள்தான், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நீங்கள் அனுப்பிய படத்தில் பன்னிரண்டு ஜோடி, விரல் அகலத்தில், நுனி கூராக. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் கொன்றை, தாவரவியல் பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ்.

மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சரக்கொன்றை இலையுதிர்த்துச் சித்திரை, வைகாசியில் பூக்கும் என்பது சரி. ஆனால் கோடை போய் நல்ல மழை பெய்தால் அசல் சரக்கொன்றையும் ஆவணி, புரட்டாசியில் ஒன்றிரண்டு சரம் விடும். அதைப் பார்த்து நல்ல மரத்தையே வெட்டியவர்கள் உண்டு. அப்போதும் சரம் தொங்கத்தான் செய்யும், நிமிராது.

இனி உங்களிடம் யாராவது வருவார்கள். "அது போலி, இதோ ஒரிஜினல்" என்று பூக்காத கன்றை இரண்டு மடங்கு விலைக்கு நீட்டுவார்கள். கன்று எங்கோ இருந்து லாரியில் வந்திருக்கும், விற்பவருக்கே பெயர் தெரியாது. நான் போன நர்சரிகளில் தாவரவியல் பெயரெழுதிய அட்டையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இதே மஞ்சள் கொன்றை காட்டை மூடுகிறதென்று வனத்துறை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. இன்னொரு பக்கம் ஊருக்குள் காசுக்கு விற்கிறார்கள், கேட்க நாதியில்லை!

உங்கள் மஞ்சள் கொன்றையை எடுக்க வரும் ஒப்பந்தக்காரர் அடியோடு அறுத்துவிட்டுப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுத்தால்தான் வேலை முடியும். காய் முற்றுவதற்குள் செய்யுங்கள்.

கன்று வாங்கவே வேண்டாம். பூக்கிற சரக்கொன்றை மரத்தடியில் முழ நீளக் கறுப்புக் காய் கிடக்கும். உடைத்தால் உள்ளே வட்டு வட்டாக அறைகள், பிசுபிசுப்பான கறுப்புச் சதை. விதையின் தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போட்டு, உப்பியதை மட்டும் நடுங்கள். பூப்பதற்குச் சில வருடம் ஆகும்.