பழைய போர்ஷேவுக்கு இன்சூரன்ஸ்: பிரீமியத்தை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

கேள்வி: 2007ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர் காரை 22 லட்ச ரூபாய்க்கு வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். 2,687 சி.சி. என்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே எடுப்பேன் என்பதால் ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாது. ஆன்லைனில் பல நிறுவனங்கள் இந்த வயதுக் காருக்கு விலையே காட்டுவதில்லை. ஓர் ஏஜென்ட் காரின் மதிப்பை 9 லட்சம் என்று போட்டுக் குறைந்த பிரீமியம் சொல்கிறார். இன்னொருவர் 20 லட்சம் என்று போட்டு இரு மடங்கு கேட்கிறார். விற்பவரோ, தன் பாலிசியில் உள்ள 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காருடன் சேர்ந்து எனக்கு வந்துவிடும் என்கிறார். நான் இப்போது வைத்திருக்கும் 2014ஆம் ஆண்டு செடானை விற்கப் போகிறேன். அதிலும் பல ஆண்டுகளாகக் கிளெய்ம் இல்லை. செலவு குறைவாகக் காப்பீடு எடுக்க என்ன வழி? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: 9 லட்சம் என்று மதிப்புப் போட்ட பாலிசியை எடுக்காதீர்கள். பிரீமியத்தைக் குறைக்க உங்களுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. ஆனால் காப்பீட்டு மதிப்பைக் குறைப்பது, இந்த வகைக் காரைப் பொறுத்தவரை, மிகவும் ஆபத்தான சிக்கனம்.

ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு ஐந்து வயது வரையுள்ள காருக்கு ஒரு தேய்மான அட்டவணைப்படி முடிவாகிறது. ஐந்து வயதைக் கடந்த காருக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. அதனால்தான் ஒரே காருக்கு ஒருவர் 9 என்றும் மற்றவர் 20 என்றும் சொல்ல முடிகிறது. கார் திருடு போனாலோ முழுதும் சேதமானாலோ உங்கள் கைக்கு வருவது இந்தத் தொகைதான். அது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த விதியை: பாலிசி நிபந்தனைகளின்படி கணக்கிடப்படும் பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காரைப் பழுது பார்க்க முடியும் என்றாலும் அது முழு இழப்பாகவே கருதப்படும்.

சாதாரண ஹேட்ச்பேக் காரில் இது பெரிய சிக்கல் இல்லை, ஏனெனில் அதன் உதிரிபாகங்களின் விலையும் காரின் விலைக்கு ஏற்றாற்போலத்தான் இருக்கும். பாக்ஸ்டரில் காரின் விலை ஆண்டுதோறும் இறங்கியிருக்கிறது. ஹெட்லைட், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் பாகங்களின் விலை இறங்கவில்லை. மதிப்பு 9 லட்சம் என்றால் 6.75 லட்சத்தில் கோடு விழுந்துவிடுகிறது. முன்பக்கம் பலமாக மோதி, பழுதுச் செலவு 7 லட்சம் என்று சர்வேயர் மதிப்பிட்டால், நீங்கள் 22 லட்சம் கொடுத்து வாங்கிய கார் 9 லட்சத்தோடு கணக்கு முடிந்துவிடும். மதிப்பு 20 லட்சமாக இருந்தால் அந்தக் கோடு 15 லட்சத்தில் இருக்கும். அதே மோதலில் கார் பழுது பார்க்கப்பட்டு உங்கள் வீட்டுக்கே திரும்பும். முழு இழப்பு என்று அறிவிக்கப்பட்ட நிலையிலும், சேதமடைந்த காரின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைப் பெற்று, காரை நீங்களே வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

20 லட்சம் என்ற மதிப்பை நிறுவனம் ஏற்கத் தயங்கினால், உரிமம் பெற்ற ஒரு சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, பராமரிப்புப் பில்களையும் காரின் படங்களையும் சேர்த்துக் கோட்ட அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். இணையதளம் விலை காட்டவில்லை என்றால் காப்பீடே கிடைக்காது என்று பொருள் இல்லை. இத்தகைய கார்களுக்குக் கணினி தானாக விலை சொல்லாமல் காப்பீட்டை ஏற்பதா, என்ன விலைக்கு என்று முடிவு செய்யும் அதிகாரியான அண்டர்ரைட்டரின் பார்வைக்கு அனுப்புவதே வழக்கம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களின் அலுவலகங்களிலும், பல நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் விலை கேட்டுத் தரக்கூடிய உரிமம் பெற்ற ஒரு புரோக்கரிடமும் கேளுங்கள்.

இனி எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம். உங்கள் காரால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டில் பேரம் பேச இடமில்லை. அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. காரின் விலை, பெயர் எதையும் பாராமல் சி.சி.யை மட்டும் பார்க்கிறது. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார் எதுவானாலும் ஆண்டுக்கு 7,897 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. பெரிய டீசல் குடும்பக் காருக்கும் உங்கள் பாக்ஸ்டருக்கும் இதில் வித்தியாசமே இல்லை. பணம் கூடுவதும் குறைவதும் உங்கள் காருக்கே நேரும் இழப்பை ஈடுகட்டும் சொந்தச் சேதப் பிரிவில்தான். பழைய மோட்டார் கட்டண அட்டவணையில் இந்த அளவு என்ஜினும் பத்து வயதுக்கு மேலும் உள்ள காருக்குப் பெருநகரங்களுக்கு வெளியே காப்பீட்டு மதிப்பில் ஏறத்தாழ 3.6 சதவீதம் என்று இருந்தது. 2007 முதல் நிறுவனங்களே விலை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கு உதவும். 20 லட்சத்துக்கு அது சுமார் 72,000 ரூபாய். இதைப் பாதியாக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: உங்கள் செடானின் நோ கிளெய்ம் போனஸ்.

விற்பவர் சொன்னது தவறு. நோ கிளெய்ம் போனஸ் உரிமையாளருக்கு உரியது, காருக்கு உரியது அல்ல. அவருடைய 50 சதவீதம் அவரோடு போய்விடும். அதை மறைத்து நீங்கள் அனுபவித்தால், கிளெய்ம் வரும் நாளில் அதையே காரணம் காட்டி நிறுவனம் மறுக்கும். அதே விதிப்படி உங்கள் செடானில் சேர்ந்த போனஸ் உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் அது 50 சதவீதத்தை எட்டியிருக்கும். செடானை விற்றுப் பெயர் மாற்றிய ஆவணத்தைக் காட்டி, அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் சான்று கேட்டு வாங்குங்கள். அது மூன்று ஆண்டுகள் செல்லும், வேறு நிறுவனத்திலும் செல்லும். அதை வைத்து பாக்ஸ்டருக்குப் புதிய பாலிசி எடுத்தால் 72,000 என்பது 36,000 ஆகிறது. அதாவது, 20 லட்ச ரூபாய் மதிப்பை, போனஸ் இல்லாமல் 9 லட்சத்துக்குக் கேட்கப்படும் விலையை ஒட்டியே நீங்கள் பெறலாம். செடானை முதலில் விற்று, சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு பாக்ஸ்டரைப் பதிவு செய்யும்படி நாட்களை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

விற்பவரின் பாலிசியை நம்பி ஒரு நாள் கூட ஓட்ட வேண்டாம். கார் கை மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே தானாக வாங்குபவருக்கு மாறும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி மாறாது என்று 1996இல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் தரும் 14 நாள் அவகாசத்தைப் பாதுகாப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் மரத்தில் மோதினால் செலவு முழுவதும் உங்களுடையது. இன்னொன்று, 2007ஆம் ஆண்டுக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்திருக்கும். ஆர்.சி. முறையாகப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் செல்லுபடியாகிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்பதாக விரும்பி ஒப்புக்கொள்ளும் கழிவுத் தொகையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய அட்டவணைப்படி 15,000 ரூபாயை நீங்களே ஏற்றால் கிடைக்கும் சலுகை ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. சிறிய தொகைதான், ஆனாலும் எடுக்கச் சொல்கிறேன், ஏனெனில் ஆண்டுக்கு 36,000 ரூபாய் மிச்சப்படுத்தும் போனஸை ஒரு சிராய்ப்புக்காக யாரும் இழக்கக் கூடாது. சிறிய சேதங்களுக்கு நீங்கள் எப்படியும் கிளெய்ம் செய்யப் போவதில்லை. ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப பிரீமியம் கட்டும் திட்டத்தையும், ஒருவருடைய பல வாகனங்களுக்கு ஒரே பாலிசி தரும் திட்டத்தையும் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது. உங்கள் தூரத்துக்கு முதலாவது மிகவும் பொருந்தும். இந்த வயதுக் காருக்கு எந்த நிறுவனம் அதைத் தருகிறது என்று புரோக்கரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு செலவு உங்கள் மேல் விழும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் என்னும் கூடுதல் பாதுகாப்பு இந்த வயதுக் காருக்கு வழக்கமாகக் கிடைப்பதில்லை. பத்து வயதைக் கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்; பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம்; ஃபைபர் கிளாஸுக்கு 30; கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம்: பம்பர், ஹெட்லைட் உள்ளிட்ட பாகங்கள் 3,00,000, கூலி 60,000, பெயின்ட் வேலை 80,000, மொத்தம் 4,40,000 ரூபாய். பாகங்களில் 1,50,000 போகும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதி, அதாவது 10,000 போகும். கட்டாயக் கழிவு 2,000, நீங்கள் ஏற்ற கழிவு 15,000. நிறுவனம் தருவது 2,63,000. நீங்கள் கட்டுவது 1,77,000. அந்த அளவு பணத்தை இந்தக் காருக்கென்று தனியே ஒதுக்கி வைக்க முடியாதென்றால், கார் வாங்குவதையே தள்ளிப்போடச் சொல்வேன்.

உங்கள் ஊரில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது; ஆசை வருவது இயல்பு. பந்தயம், வேகச் சோதனை ஆகியவை பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே இருப்பவை. டிராக்கில் நேரும் சேதத்துக்கு ஒரு ரூபாய் கூட வராது.

கேள்வி: எங்கள் பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. மழைக்காலத்தில் பார்க்கிங்கில் நீர் ஏறினால் இன்சூரன்ஸ் வருமா? – வாசகி, சென்னை.

பதில்: வெள்ளம் முழுமைக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, என்ஜினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். 2015 டிசம்பரிலும் 2023இன் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார் வைத்திருந்தவர்கள் பலர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி பழைய காருக்குக் கிடைப்பது அரிது. ஆகவே நீர் வடிந்த பிறகும் சாவியைத் திருப்பாதீர்கள். நீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றுங்கள். காரின் கூரை துணியால் ஆனதென்றால் அதன் வடிகால் துளைகளை மழைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். இலைச்சருகு அடைத்து உள்ளே நீர் இறங்கி மின்னணுப் பாகங்கள் கெட்டால், அது பராமரிப்புக் குறை என்றே கருதப்படும்.

கேள்வி: 1970ஆம் ஆண்டின் எம்.ஜி. மிட்ஜெட் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. விண்டேஜ் காராகப் பதிந்தால் காப்பீடு குறையும் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், உதகமண்டலம்.

பதில்: குறையும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத காரை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் காராகப் பதியலாம். அப்படிப் பதிந்த காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. 1,275 சி.சி. என்பதால் 3,416 ரூபாய் 1,708 ஆகும். ஆனால் புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். மேலும், அந்தப் பதிவுடன் காரைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. குடும்பத்தோடு கோத்தகிரி வரை ஓட்டிப் போக விரும்பினால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் பல மாதங்கள் கார் கொட்டகையிலேயே நிற்கும் என்றால், மூன்றாம் நபர் காப்பீட்டுடன் தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு தரும் பாலிசியைக் கேளுங்கள்.