ரீசார்ஜ் செய்தும் கட்டணச் சேனல் வராததற்கு

ஒரு மாதம் ஊரில் இல்லை, வந்து கேபிள் டிவிக்கு ரீசார்ஜ் செய்தும் இலவசச் சேனல்கள் மட்டும்தான் வருகின்றன, ஆபரேட்டரோ ‘சிஸ்டத்தில் ஆக்டிவ்’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இலவசச் சேனல் தெளிவாக வருவதால் செட்-டாப் பாக்ஸும் கேபிளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புது பாக்ஸுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டே வருகின்றன. இந்த பாக்ஸுக்குத் திறக்கலாம் என்ற அனுமதியும் அதே கேபிளில்தான் வரும். பாக்ஸ் அணைந்திருந்த நேரத்தில் அது வந்து போயிருந்தால் போச்சு. சாதாரண கேபிள் பாக்ஸ் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லாது. அதனால் அவர் திரையில் ஆக்டிவ், உங்கள் திரையில் பூட்டு. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்!

பாக்ஸை ஒரு கட்டணச் சேனலில் ஓடவிட்டுக்கொண்டே, அனுமதியை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அணைக்காமல் விடுங்கள்.

அப்புறம், பாக்ஸின் மெனுவில் உள்ள கார்டு எண்ணும் (அந்த பாக்ஸை அடையாளம் காட்டும் எண்) ரசீதில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அனுமதி ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி. எங்கள் வீட்டில் இரண்டு பாக்ஸ். ஹாலுக்குக் கட்டிய பணம் படுக்கையறை பாக்ஸில் ஏறியது தெரியாமல் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறேன்.