எந்தப் பக்கம் பார்த்த தாழ்வாரம்?

(சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரங்களில் செடி வளர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்)

கே: செடி வளரவே மாட்டேன் என்கிறது அக்கா, என்ன உரம் போடலாம்? (செங்காங்)

ப: என்ன செடி?

கே: தண்டுக்கீரை விதைத்தேன். நாலே நாளில் முளைத்துவிட்டது, ஆனால் நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. வடக்கு பார்த்த தாழ்வாரம், 9ஆம் மாடி. (தெம்பனிஸ்)

ப: திசையை எழுதினீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. வெயில் போதவில்லை, வேறொன்றும் இல்லை. நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறோம். அதனால் ஆண்டு நடுவில் சூரியன் வடக்கே சாயும், ஆண்டு இறுதியில் தெற்கே போய்விடும். உங்கள் தாழ்வாரத்துக்கு மே, ஜூன், ஜூலையில் சாய்வெயில் கிடைக்கும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெறும் வெளிச்சம்தான். தெற்கு பார்த்தவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். கிழக்கு என்றால் ஆண்டு முழுக்கக் காலை வெயில், மேற்கு என்றால் மண்டையைப் பிளக்கும் மாலை வெயில். எதிர் புளோக் கட்டடம் மறைத்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு தடவை கதவைத் திறந்து தரையில் வெயில் விழுகிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். கீரைக்கு 4 மணி நேரம், காய்க்கிற செடிக்கு 6 மணி நேரம் வேண்டும். அடுத்த முறை விதையை மணலோடு கலந்து தூவி, நெருக்கமாக முளைப்பதைப் பிடுங்கிப் பொரியலில் போடுங்கள்.

கே: தக்காளி பூப்பூவாகப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. பெரிய ரகம், ஊரிலிருந்து கொண்டுவந்த விதை. (ஈசூன்)

ப: இரவு குளிர வேண்டும். 24 டிகிரிக்கு மேலேயே இரவு முழுக்க நின்றால் பெரிய தக்காளிப் பூவில் காய் பிடிப்பது கஷ்டம், நம் இரவுகளோ பெரும்பாலும் அதற்கு மேலேதான். செர்ரித் தக்காளிக்கு மாறுங்கள்.

கே: இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமா? (பொங்கோல்)

ப: கூடாது. எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஒரு வாரம் போதும், நீங்கள் போவது இரண்டு வாரம். வீட்டில் கொசுப்புழு இருந்தால் முதல் தடவைக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். எனக்குத் தெரியும், ஒரு தீபாவளி சமயத்தில் நானே கட்டியிருக்கிறேன், அதுவும் தட்டுக்காக அல்ல, ஓரமாகக் கவிழ்த்து வைத்த வாளியின் குழிவில் நின்ற ஒரு கரண்டித் தண்ணீருக்காக. தட்டையே எடுத்துவிடுங்கள். இறுகிப்போன மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள், அதிலும் தண்ணீர் தேங்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், வரும்போது அவர்களுக்கு முறுக்கு வாங்கி வாருங்கள்.

கே: தாழ்வாரத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கலாம்?

ப: நடக்க 1.2 மீட்டர் விட்டாக வேண்டும், தீப்பாதுகாப்பு விதி. சுவர்த்திட்டின் மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள், கீழே ஆள் நடமாடுகிறார்கள். இடம் போதவில்லை என்றால் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்தி இருக்கிறது. இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 60 வெள்ளி.

கே: அப்படி ஒரு பாத்தியில் பீர்க்கங்கொடி போட்டிருக்கிறேன். தினமும் காலை 8 மணிக்குப் போய்த் தூரிகையால் மகரந்தம் தடவுகிறேன். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. (பிடோக்)

ப: உழைப்பு சரி, நேரம் தப்பு. பீர்க்கம்பூ விரிவது மாலையில். ஐந்து, ஆறு மணிக்கு மேல் போய், அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுங்கள், தூரிகைகூட வேண்டாம். பாகலும் பூசணியும்தான் விடியற்காலைக் கணக்கு. முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

கே: காணொளிகளைப் பார்த்து வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் தவறாமல் மிளகாய்ச் செடிக்குக் கொடுக்கிறேன். ஆனாலும் இலை மஞ்சளாகிறது. எதிர்வீட்டு ஆன்ட்டி வாடை வருகிறது என்று சண்டைக்கு வருகிறார். பேசாமல் ஆடிப்பட்டத்தில் புதிதாக ஆரம்பிக்கலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

ப: ஆன்ட்டி சொல்வதுதான் சரி.

ஊர்த் தோட்டத்தில் வாழைத்தோலை வீசினால் மண்புழு இருக்கிறது, கோழி இருக்கிறது, காய வைக்க வெயிலும் காற்றும் இருக்கிறது, நாலு நாளில் தடம் தெரியாது. நீங்கள் வைத்திருப்பது ஒரு பத்து லிட்டர் தொட்டி. அதில் பச்சைக் கழிவைப் போட்டால் அது மக்குவதற்கு முன் அழுகும், மக்க வைக்கிற நுண்ணுயிரிகள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், வேருக்குக் காற்று போகாது, பிறகு கரப்பானும் எறும்பும், அதற்கடுத்து எலியும் வரும். முட்டை ஓடு கரைவதற்குள் உங்கள் மிளகாய்ச் செடி கிழவியாகிவிடும். மோரும் கழுநீரும் மாறி மாறி ஊற்றியதில் மண் காயவே இல்லை, அதுதான் மஞ்சள். நோய்க்கு மருந்து தேடி நோயையே ஊட்டியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். பத்து நாளில் தேறவில்லை என்றால் செடியைச் சாய்த்து எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, மண், தென்னை நார்த்தூள், மக்கிய உரம் மூன்றும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து மாற்றி வையுங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், போதும். சமையல் கழிவை வீணாக்க மனமில்லை என்றால் மூடி போட்ட வாளியில் தனியாக மக்க வைத்து, கறுத்து மண்வாசனை வந்த பிறகு போடுங்கள்.

ஆடிப்பட்டம் என்பது ஆற்றுத் தண்ணீரையும் அடுத்து வரும் பருவமழையையும் நம்பி நம் பாட்டன் போட்ட கணக்கு, அந்த மண்ணுக்கு அது பொருந்தும். இங்கே ஆடியானாலும் தையானாலும் பகல் 12 மணி நேரம்தான், மழை பெய்யாத மாதமும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விதையுங்கள், டிசம்பர், ஜனவரி அடைமழையில் திறந்த இடத்தில் நாற்று வைக்காமல் இருந்தால் சரி. காணொளி எடுத்தவர் மதுரைப் பக்கத்தில் மொட்டைமாடியில் நிற்கிறார், நீங்கள் நிற்பது தாழ்வாரத்தில். எந்தப் பக்கம் பார்த்த தாழ்வாரம் என்று நீங்களும் எழுதவில்லை!

கே: மிளகாய் இலை சுருள்கிறது. (உட்லண்ட்ஸ்)

ப: மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு குருத்து சிறுத்தால் சிலந்திப்பேன். வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் இறங்கிய பிறகு இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள், ஐந்து நாளுக்கு ஒரு தடவை.

கே: கொத்தமல்லி முளைக்கவே இல்லை.

ப: இரண்டாக உடைத்துப் போட்டீர்களா? மளிகைப் பொட்டலமா? பழசாக இருக்கும்.

கே: கறிவேப்பிலைக் கன்று வைத்து மூன்று வருடம், ஓர் அடி தாண்டவில்லை. கிழக்கு வெயில், காலை 5 மணி நேரம். தாளிப்புக்குத் தினம் இரண்டு இலைதான் கிள்ளுகிறோம். (அங் மோ கியோ)

ப: தினம் இரண்டு என்றால் வருடத்துக்கு எழுநூறு. அந்தக் கன்றில் மொத்தம் எத்தனை இலை இருக்கும் சொல்லுங்கள்? ஆறு மாதம் இலையைத் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது இருப்பதைவிட ஒரு சாண் ஆழமான தொட்டிக்கு மாற்றி, பூத்தால் பூவைக் கிள்ளிவிட்டு, அதன் பக்கமே போகாதீர்கள். அதன் பிறகு பறிக்கும்போது இலை இலையாக உருவாமல் நுனிக் கிளையோடு ஒடியுங்கள், ஒடித்த இடத்தில் இரண்டு கிளை வரும்.