‘புகையற்றது’ என்றால் நஞ்சற்றது என்று பொருளா?

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. கொசுவர்த்திச் சுருளின் புகை ஆகாது என்பதால், மின்சாரத்தில் மாட்டும் திரவக் கொசுவிரட்டிக்கு மாறிவிட்டோம். பெட்டியில் ‘புகையற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு இரவு முழுவதும் அதைப் போட்டுவைக்கலாமா?

பதில்: சுருளைக் கைவிட்டது நல்ல முடிவு. ஆனால் பெட்டியில் உள்ள அந்தச் சொல் புகையைப் பற்றியதே தவிர, மருந்தைப் பற்றியதன்று. சுருளின் பெரும்பகுதி மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள் போன்ற எரியும் பொருள்தான். பூச்சிமருந்து பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே அங்கே மருந்தைக் காட்டிலும் புகையே முதல் கேடு. ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமமாக இருக்கிறது என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

திரவக் கொசுவிரட்டியில் இந்தப் புகை இல்லை. அதில் உள்ள சூடேற்றி, திரியின் நுனியைச் சூடாக்கி டிரான்ஸ்ஃபுளூத்ரின், பிராலெத்ரின் போன்ற ஒரு மருந்தை, அது கரைந்திருக்கும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானோடு சேர்த்து ஆவியாக்குகிறது. இந்த மருந்துகள் பைரெத்ராய்டு என்னும் வகையைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பில் சைகைகள் செல்ல உதவும் ‘சோடியம் வழிகள்’ என்னும் நுண்துளைகளை மூடவிடாமல் செய்து அதைத் துடிக்கவைத்துக் கொல்வதே இவற்றின் வேலை. நம் நரம்பிலும் இத்தகைய வழிகள் உண்டு. ஆனால் உள்ளே போகும் சிறிதளவு மருந்தை நம் கல்லீரல் விரைவாகச் சிதைத்து, பெரும்பாலும் சில நாள்களுக்குள் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அதனால் நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர், காற்றோட்டமுள்ள அறையில் பெட்டியில் உள்ள குறிப்பின்படி இதைப் பயன்படுத்துவதால் நச்சுப் பாதிப்புக்கு ஆளாவது அரிது. தும்மல், தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல், தலைவலி ஆகியவையே வழக்கமான தொல்லைகள். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு கிளம்பலாம்.

கைக்குழந்தையின் நிலை வேறு. தன் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. அதன் கல்லீரலின் சிதைக்கும் திறனும் இன்னும் முழுமை பெறவில்லை. மூடிய அறையில் ஆவி வெளியேற வழியில்லாததால், இரவு முழுவதும் அதையே சுவாசிக்க வேண்டியிருக்கும். எனவே குழந்தை உறங்கும் அறைக்குக் கொசுவலையே என் பரிந்துரை. சன்னலுக்குக் கம்பிவலையும் அடித்துவிட்டால் விரட்டியின் தேவை குறைந்துவிடும். விரட்டி வேண்டியே தீரும் என்றால், குழந்தையை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே சிறிது நேரம் போட்டு அணைத்துவிடுங்கள். பிறகு வலை அடித்த சன்னலைத் திறந்து காற்றாடவிட்டு, அதன் பின் படுக்கவையுங்கள். கொசுவால் வரும் நோய்களும் சிறியவை அல்ல என்பதால், எதையும் பயன்படுத்தாமல் கடிபட விடுவதும் தீர்வாகாது.

கேள்வி: சமையலறையில் கரப்பான் பூச்சி. ஸ்பிரே, சாக்குக்கட்டி, ஜெல் என்று கடையில் பலவும் இருக்கின்றன. எது கேடு குறைந்தது?

பதில்: ஒரே கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்டுப் பாருங்கள்: மருந்து வைத்த இடத்திலேயே இருக்கிறதா, நம்மிடம் வந்து சேருகிறதா? ஜெல் இடுக்கில் ஒரு சொட்டாக இருக்கும். பூச்சிதான் தேடி வந்து தின்கிறது, காற்றில் ஏறக்குறைய எதுவும் கலப்பதில்லை. குழந்தைக்கும் வளர்ப்பு விலங்குக்கும் எட்டாத இடுக்கில் வைப்பதாக இருந்தால், என் தேர்வு இதுவே. உடனே சாகவில்லையே என்று அதன் மேலேயே ஸ்பிரே அடித்துவிடாதீர்கள்; பூச்சி பிறகு ஜெல்லை நெருங்காது, இரண்டுக்கும் கொடுத்த காசு வீண்.

ஸ்பிரே அடித்த தரையை விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய எண்ணெய்ப் பசை ஒட்டும். மருந்து அதில்தான் இருக்கிறது. தவழும் குழந்தையின் உள்ளங்கை அதன் மேல் பதிந்து, அடுத்த கணம் வாய்க்குப் போகிறது. வெயிலில் இந்த மருந்துகள் விரைவில் சிதைந்துவிடும். வீட்டுக்குள்ளோ வெயில் படாத தூசியிலும் தரைவிரிப்பிலும் பல வாரங்கள் தங்கக்கூடும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் உணவையும் பாத்திரங்களையும் அகற்றி, அடுப்பை அணைத்து (பல ஸ்பிரேக்களை உந்தித் தள்ளுவது எரியக்கூடிய வாயு), இடுக்குகளில் மட்டும் அடியுங்கள். எல்லோரும் வெளியேறி, டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் கழிந்தபின் சன்னலைத் திறந்து காற்றாடவிட்டு, கைபடும் இடங்களைச் சோப்புநீரால் துடையுங்கள். மீன் தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். மீன்களுக்குப் பைரெத்ராய்டு கொடிய நஞ்சு. பூனையின் உடலும் பெர்மெத்ரின் என்னும் பைரெத்ராய்டைச் சிதைக்க இயலாமல் தவிக்கும்.

சாக்குக்கட்டியை, அதுவும் பெயர், உட்பொருள், தயாரிப்பாளர் முகவரி எதுவும் அச்சிடப்படாமல் மலிவாக விற்கப்படுவதை, வாங்காதீர்கள். பள்ளிச் சாக்குக்கட்டியைப் போலவே இருப்பதால் குழந்தை அதை எடுத்து எழுதும், கடிக்கவும் செய்யும். என்ன மருந்து என்று மருத்துவர் கேட்டால் காட்டுவதற்கு ஓர் உறைகூட இருக்காது.

கேள்வி: ‘மூலிகை’ என்று விற்கப்படும் சுருளும் வத்தியும் பாதுகாப்பானவைதானே?

பதில்: எரிகிற எதுவும் நுண்துகளைக் கக்கும், வேப்பிலையும் விதிவிலக்கல்ல. தவிர, பைரெத்ராய்டுகளுக்கு முன்மாதிரியாக அமைந்த பைரெத்ரம் ஒரு சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்பட்டதே. அட்டையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். உட்பொருளும் அதன் விழுக்காடும் எழுதப்படாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: இவற்றால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: முன்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2015-இல் வெளிவந்தது. வீட்டுக்குள் பூச்சிமருந்துக்கு ஆளான குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 47 விழுக்காடு கூடுதலாக இருப்பதாக அது காட்டியது. இது தொடர்பே தவிர, காரணம் என்பதற்கான நிரூபணம் அன்று. மேலும், குழந்தைகளிடம் இந்நோய் அரிதானது என்பதால் அரிதான ஒன்றின் மேல் பாதி கூடினாலும் அது அரிதாகவே இருக்கும். அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆனால் கருவுற்றவரும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் அறையெங்கும் ஸ்பிரே அடிப்பதைத் தவிர்க்க இந்த ஒரு முடிவே எனக்குப் போதும்.

கேள்வி: குழந்தை திரவப் புட்டியை வாயில் வைத்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: வாந்தி எடுக்கவைக்காதீர்கள். கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கினால், மருந்தைவிட அதுவே பெரிய ஆபத்து. வாந்தி அதற்கு வழி திறந்துவிடும். வாயைத் துடைத்து, மருந்து பட்ட உடையைக் கழற்றித் தோலைச் சோப்பால் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் அலசுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும், ஏனெனில் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.