பென்டிரைவில் பதிவு இருக்கிறது, கணினியில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் செருகி ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தேன். டிவியில் ஓடுகிறது, கணினியில் ஓடவில்லை. ‘அன்லாக்’ செய்து தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பதிவு கெட்டுப்போகவில்லை, பூட்டியிருக்கிறது. கட்டணச் சேனல் செயற்கைக்கோளிலிருந்து வரும்போதே பூட்டோடுதான் வருகிறது. அதைத் திறந்து டிவிக்குக் காட்டும் பாக்ஸ், பென்டிரைவில் எழுதும்போது தன் சிப்புக்குள் இருக்கும் சாவியால் மறுபடி பூட்டிவிடும். அந்தச் சாவி வெளியே வராது. அதே மாடல் பாக்ஸ் இன்னொன்றில் செருகினாலும் ஓடாது. கோப்பின் பெயரை எம்பி4 என்று மாற்றினாலும், கன்வெர்ட்டரில் போட்டாலும் பூட்டு பூட்டுதான்.

இதைவிட மோசம், கணினியில் செருகியதும் ‘ஃபார்மட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்க) செய்யவா?’ என்று சில நேரம் ஒரு கேள்வி வரும். பாக்ஸ் எழுதிய முறை கணினிக்குப் புரியாததால் வருவது அது. அன்லாக்காரர் ‘ஆம்’ தட்டினால் பென்டிரைவில் பதிவே இருக்காது, உங்கள் பாக்ஸிலும் ஓடாது.

அடுத்து அவர் எச்டிஎம்ஐ ரெக்கார்டர் ஒன்றை, அதாவது பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளில் வரும் படத்தைப் பதியும் கருவியை, விற்கப் பார்ப்பார். படம் அனுப்பும் முன் பாக்ஸ் எதிர்முனையிடம் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு முறையின் சாவி இருக்கிறதா என்று கேட்கும். சரியான பதில் வராவிட்டால் கறுப்புத் திரைதான். ‘அதை உடைக்கவும் டப்பா உண்டு’ என்பார். பல நாடுகளில் அது சட்டவிரோதம், மாட்டிக்கொள்வது நீங்கள். பழைய மஞ்சள் ஏவி கேபிளிலும் மேக்ரோவிஷன் என்ற பழைய நகல் தடுப்பு இருந்தால் விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) பதிவு வெளுத்து வெளுத்து இருளும். கேபிளை மாற்றிப் பயனில்லை.

மாதாமாதம் பணம் கட்டுபவரைத் திருடராகவே நினைத்துச் செய்த ஏற்பாடு இது. பாக்ஸ் பழுதாகி வேறு கொடுத்தால் 500 ஜிபி பதிவும் வெறும் சுமை. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஒரே விலக்கு, பூட்டில்லாமல் வரும் இலவசச் சேனல்கள். இங்கும் ஒரு குழப்பம் உண்டு: சேனல் இலவசமாக இருந்தால் போதாது, பதிவு செய்யும் பாக்ஸும் பூட்டாததாக இருக்க வேண்டும். கட்டணப் பாக்ஸ் பல நேரம் இலவசச் சேனலையும் சேர்த்தே பூட்டும். இலவசச் சேனல்களுக்கான எஃப்டிஏ ரிசீவரில் பதிந்தால் பெரும்பாலும் ‘டிஎஸ்’ என்ற வகை வீடியோ கோப்பு கிடைக்கும், கணினியில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் ஓடும். எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுதாது, துண்டு துண்டாக வரும், பயப்பட வேண்டாம். முதலில் 5 நிமிடம் மட்டும் பதிந்து கணினியில் போட்டுப் பாருங்கள்.