செங்காந்தள் வளர்ப்பு: கேள்வி பதில்

கிழங்கை எப்போது நடலாம்?
ஜூன், ஜூலையில், மழை தொடங்கியதும். கிழங்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் பெரும்பாலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கிளை போச்சு, அதனால் பதமாக எடுங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்; செம்மண்ணோடு மணல் கலந்தால் நல்லது. கையுறை கட்டாயம். செடி முழுக்க கோல்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம்.

கொடியைக் கட்டிவிட வேண்டுமா அக்கா?
வேண்டாம். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். தடித்த கம்பை அதனால் பற்ற முடியாது, மெல்லிய விளார் நடுங்கள்.

நிறையப் பூக்கிறது, காயே இல்லை.
பூவின் பெண் பாகமான சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டு விலகி, பக்கவாட்டில் மடங்கி நிற்கும். பூச்சி வராத இடத்தில் காய் பிடிப்பது கடினம். காலையில் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு, சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தடவுங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்களும் இப்படிக் கையால்தான் செய்கிறார்கள்.

இலை மஞ்சளாகிக் காய்கிறது. செத்துவிட்டதா?
பூத்து முடித்த செடி என்றால் உறங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்துங்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். மழைக்கு முளைக்கும்.

காட்டோரம் நிறையக் கிடக்கிறதே, ஒன்று தோண்டினால் என்ன?
தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். வெளியிலும் மருந்துச் சரக்குக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது.

வயலில் இருப்பதும் ஒரு காலத்தில் காட்டிலிருந்து வந்ததுதானே?
வந்ததுதான். அதனால்தான் இனி எடுக்க வேண்டியதில்லை என்கிறேன். பயிரிடுபவர்களிடம் கிழங்கு விலைக்குக் கிடைக்கிறது.

வீடு கட்ட நிலத்தைப் புரட்டப் போகிறார்கள், அங்கிருந்து?
அது வேறு. உரிமையாளரிடம் கேட்டு, இலை காய்ந்த பிறகு எடுங்கள். அழியப்போவதைக் காப்பாற்றுவது நல்ல காரியம்.

என் செடியும் மஞ்சளாகிறது...
மேலே சொல்லிவிட்டேன். தண்ணீரை நிறுத்துங்கள்.

மூட்டு வலிக்குக் கிழங்கை அரைத்துப் போடலாமா?
கூடாது. வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரைவள்ளிப் பாத்தியில் சேர்த்து நடலாமா?
வேண்டவே வேண்டாம்! கிழங்கு மாறி அடுப்புக்குப் போனால் உயிர் போகும், மாற்று மருந்தும் கிடையாது. தனி இடத்தில், குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாதபடி வையுங்கள்.

விதை போட்டால்?
முளைக்கவே தாமதமாகும், பூக்க மூன்று நான்கு ஆண்டுகள். பொறுமை இருந்தால் போடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.